பாடசாலை மைதானத்துக்கு நிழல் கூரை: காசை எங்க கேட்கிறது, எதைக் கட்டுறது?

மணல்வெளி:
எல்லாருக்கும் வணக்கம். வடமராட்சியில கடற்கரையோரமா இருக்கிற ஒரு ஆரம்பப் பாடசாலைக்காகக் கேட்கிறன். தரம் 1 தொடக்கம் 5 வரை, 140 பிள்ளையள். மைதானம் முழுக்க வெள்ளை மணல். மதில் ஓரத்தில ஒரு பூவரசு நிக்குது, வேற மரமில்லை. இடைவேளை பத்தரைக்கு, பாடசாலை விடுறது ஒன்றரைக்கு. ரெண்டு நேரமும் பிள்ளையள் வெயிலுக்கதான்.

அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில நிழல் கூரை ஒண்டு போடுவம் எண்டு முடிவாச்சு. அதுக்குப் பிறகு ஆளுக்கொரு கதை. ஒருத்தர் தோட்டத்துக்குப் போடுற பச்சை வலையைக் கட்டுவம் எண்டுறார். இன்னொருத்தர் தகரம்தான் நல்லம் எண்டுறார். பெற்றோரிட்டை ஆளுக்கு இவ்வளவு எண்டு சேர்ப்பம் எண்டும் ஒரு யோசனை. அமெரிக்காவில இருக்கிற ஒரு உறவுக்காரர், அங்க பாடசாலை நிழல் கூரைக்கு 8,000 டொலர் குடுக்கினம் எண்டு தகவல் அனுப்பியிருக்கிறார். அது எங்களுக்குச் சரிவருமோ?

காசுக்கு எங்க போறது, ஆரிட்டை அனுமதி எடுக்கிறது, எதைக் கட்டுறது? தெரிஞ்ச ஆக்கள் விபரமா எழுதுங்கோ.

பைல்கட்டு:
முதல்ல அந்த 8,000 டொலர். அது அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகத்தின் நிழல் கூரை நன்கொடை. அந்த நாட்டில இயங்குற, இலாப நோக்கில்லாத, சிறுவர்களுக்குச் சேவை செய்யிற அமைப்புகளுக்கு மட்டும். கழகத்து உறுப்பினரான தோல் மருத்துவர் ஒருவர் பரிந்துரைக்க வேணும். வெயில் பாதுகாப்புத் திட்டம் ஒண்டை ஏற்கனவே ஒரு வருசமாவது நடத்தியிருக்க வேணும். நிரந்தரமான கூரைக்கு மட்டும்தான் குடுக்கிறவை. எங்கட பாடசாலை விண்ணப்பிக்கேலாது. ஆனால் அந்த நிபந்தனையளைக் கவனியுங்கோ: "பிள்ளையளை வெயிலிலயிருந்து காக்க நீங்கள் இப்ப என்ன செய்யிறியள்?" எண்டதுதான் முதல் கேள்வி. இஞ்ச காசு குடுக்கிறவையும் அதைத்தான் கேட்பினம். இடைவேளையில தொப்பி, உடற்பயிற்சிப் பாடம் காலை முதல் பாடவேளைக்கு, குடிதண்ணி ஒழுங்கு எண்டு ஒரு பக்கத்தில எழுதி அதிபர் ஒப்பமிட்டு இண்டைக்கே நடைமுறைக்குக் கொண்டுவாங்கோ. அதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது, வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பார்த்துத் தோல் புற்றுநோய் எண்டு எழுதாதேங்கோ. அவுஸ்திரேலியாவில அதுதான் முதல் காரணம், அங்க வெள்ளைத் தோல்காரர் கூட. எங்கட தோல் நிறத்துக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. விசயம் தெரிஞ்ச ஆள் வாசிச்சால் கோப்பைக் கீழ வைச்சிடுவார். இஞ்ச நிக்கக்கூடிய காரணம் ரெண்டு. ஒண்டு வெப்பம். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுற நாளில அந்த அறிவித்தலைப் பிரதி எடுத்து வையுங்கோ, இணைப்பாப் போடலாம். மற்றது கண். பிற்காலத்தில வாற கண்புரைக்கும், கண்ணில சதை வளருறதுக்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம், அதுக்குத் தோல் நிறம் காவல் இல்லை. பங்குனி, சித்திரையில முகில் இல்லாத நண்பகலில புற ஊதாச் சுட்டெண் இஞ்ச 11ஐத் தாண்டும். 3 வந்தாலே நிழல் தேட வேணும் எண்டுறது உலக சுகாதார நிறுவனம். அதோட உங்கட மைதானம் வெள்ளை மணல். காய்ஞ்ச கடற்கரை மணல் ஏறத்தாழ 15 வீதத்தைத் திருப்பி அடிக்கும், புல்லெண்டால் 10 வீதத்துக்கும் குறைவு. இந்த நாலு வரி போதும்.

காசு கேட்க முந்திக் கையில இருக்க வேண்டிய கடதாசியள்: அபிவிருத்திச் சங்கத் தீர்மானத்தின் பிரதி, மைதானத்தின் வரைபடம், தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒப்பமிட்ட மதிப்பீடு, வலயக் கல்விப் பணிமனையின்ர எழுத்து மூல அனுமதி. மாகாணப் பாடசாலை எண்டால் வடமராட்சி வலயத்துக்கூடாகப் போங்கோ, தேசிய பாடசாலை எண்டால் அமைச்சு. அனுமதி இல்லாமல் கட்டினால் பிறகு அந்த இடத்தில வகுப்பறைக் கட்டடம் வரேக்க கூரையைக் கழட்டச் சொல்லுவினம், அப்ப நியாயம் கதைக்கேலாது. ஏற்கனவே புதுக் கட்டடத்துக்கு ஒதுக்கின இடமோ எண்டு வலயத்தில கேட்டு எழுதி வாங்குங்கோ. இதைச் செய்யாமல்தான் கன வேலை இடையில நிண்டு போறது.

பெற்றோரிட்டை ஆளுக்கு இவ்வளவு எண்டு வசூலிக்கிறது வேண்டாம். கட்டாய வசூல் சுற்றறிக்கைக்கு மாறு, ஒரு முறைப்பாடு போனால் அதிபர்தான் பதில் சொல்ல வேணும். விரும்பினவர் குடுக்கட்டும், பற்றுச்சீட்டுப் போடுங்கோ. மேசன் வேலை, ஏத்தி இறக்கிறது எண்டு உழைப்பாக் குடுக்கிறதையும் கணக்கில எழுதுங்கோ. அது விண்ணப்பத்தில உங்கட பங்களிப்பு எண்டு வரும்.

எங்க கேட்கிறது எண்டால், என்ர அபிப்பிராயத்தில இந்த ஒழுங்கு:

பழைய மாணவர் சங்கமும் வெளிநாட்டுக் கிளையளும் முதல். வேகமான வழி இதுதான். அடுத்தது பாராளுமன்ற உறுப்பினரின்ர பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் மாகாண நிதியும். இதில ஒரு சிக்கல் இருக்கு. நிதியாண்டு மார்கழி 31ஓட முடியும், செலவழியாத காசு திரும்பிப் போயிடும். ஒதுக்கீடு ஆவணி, புரட்டாதியில கையுக்கு வந்தால் ஐப்பசி மழைக்குள்ள கிடங்கு வெட்டிக் கொன்கிறீற் போட வேண்டி வரும். அதால மதிப்பீட்டையும் அனுமதியையும் வருசத் தொடக்கத்திலயே தயாரா வையுங்கோ. மூண்டாவது றோட்டரி, லயன்ஸ் கழகங்கள். றோட்டரியின்ர உலக மானியம் 30,000 டொலருக்குக் குறைஞ்ச திட்டத்தை எடுக்காது, ஒரு கூரை அதுக்குக் காணாது. மாவட்ட மானியம் எண்டு கழகத்துக்கூடாகக் கேளுங்கோ. அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின்ர நேரடி உதவித் திட்டமும் இருக்கு. ஆனால் ஒரு கூரைக்கு மட்டும் கேட்டால் மெலிவா இருக்கும். குடிதண்ணி, மரம் எல்லாம் சேர்த்து எழுதினால் கொஞ்சம் எடுபடும்.

காசு ஆற்ற கணக்குக்கும் போகக்கூடாது, அபிவிருத்திச் சங்க வங்கிக் கணக்குக்குத்தான். வேலை முடிஞ்ச உடன கூரையைப் பாடசாலைப் பொருட்பதிவேட்டில ஏத்துங்கோ. பதியாத சொத்தைத் திருத்தக் காசு கேட்கேலாது.

வளையும்சிலாகையும்:
பைல்கட்டு அக்கா கடதாசிப் பக்கத்தைச் சொல்லிப்போட்டா, நான் கட்டுற பக்கத்தைச் சொல்லுறன்.

நிழல் கூரையை வெயிலுக்கெண்டு நினைச்சுக் கட்டினால் காத்து கொண்டுபோகும். சோளகம் (தென்மேற்குக் காத்து) வைகாசியிலயிருந்து புரட்டாதி வரைக்கும் விடாமல் அடிக்கும், கார்த்திகை மார்கழியில புயல். 2008 நிஷாவும் 2020 புரெவியும் ஞாபகம் இருக்கும்தானே. மணிக்கு 100 கிலோமீற்றர் காத்து ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ அமுக்கம் குடுக்கும். 30 அடிக்கு 20 அடி கூரை எண்டால் 600 சதுர அடி, அப்ப மேல தூக்கிற விசை 2,700 கிலோ. சுவர் இல்லாத கூரையில இது முழுக்க அத்திவாரத்துக்குத்தான் போகும். கூரை விழுந்திடும் எண்டுதான் எல்லாரும் பயப்பிடினம். உண்மையில அது கிளம்புறதுதான் ஆபத்து.

தகரக் கூரை எண்டு வைச்சு அளவு தாறன். இது மதிப்பீடு எழுதிறதுக்கான தொடக்கம் மட்டும், தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்து உறுதி செய்ய வேணும்.

தூண் 6. நீளப் பக்கத்துக்கு மூண்டு மூண்டாக. 3 அங்குல ஜி.ஐ. (நாகம் பூசின இரும்பு) குழாய், மீடியம் தரம். தாழ்ந்த பக்கம் 10 அடி, உயர்ந்த பக்கம் 12 அடி. பத்தடிக்குக் குறைச்சால் தகரத்தின்ர சூடு தலையில இறங்கும், பிள்ளையள் பாய்ஞ்சு தொங்கவும் தொடங்குவினம். தாழ்ந்த பக்கத்தைத் தெற்கு, தென்மேற்கா வையுங்கோ. உயர்ந்த பக்கம் சோளகத்தைப் பார்த்து நிண்டால் காத்து உள்ளுக்கு அள்ளுண்டு தகரத்தை மேல தள்ளும்.

அத்திவாரத்தில கன பேர் விடுற பிழை ஒண்டு: ஆறு கிடங்கும் ஒரே அளவா வெட்டுறது. நடுத் தூண் ரெண்டும் தாங்கிற கூரைப்பரப்பு மூலைத் தூணைப் போல ரெண்டு மடங்கு, 150 சதுர அடி. அதுக்குத் தூக்கு விசை 675 கிலோ. 2 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழக் கொன்கிறீற் கட்டி ஏறத்தாழ 800 கிலோ. மூலைக்கு அது காணும், நடுவுக்கு நூலிழையில நிக்கும். நடுக் கிடங்கை இரண்டரை அடிச் சதுரமா, அதே 3 அடி ஆழத்தில வெட்டுங்கோ. அப்ப 1,200 கிலோவுக்கு மேல வரும். வலிகாமத்தில ரெண்டடியில சுண்ணாம்புக்கல் முட்டும், அதுக்குள்ள கம்பி துளைச்சு இறக்கிப் பிடிமானம் எடுக்கலாம். உங்களுக்கு மணல். மணல் தானாப் பிடிக்காது, கட்டியின்ர பாரம் ஒண்டுதான் காவல். அதால கிடங்கில கஞ்சத்தனம் வேண்டாம்.

மொத்தம் 85 கன அடி கொன்கிறீற். 1:2:4 கலவைக்குச் சீமெந்து 16 பை, மணல் 0.4 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), முக்கால் அங்குலச் சல்லி 0.8 கியூப். அந்த இடத்து மணலை அள்ளிக் கலக்கக்கூடாது, அதில உப்பு. தண்ணியும் அப்படித்தான். உவர்க் கிணத்துத் தண்ணியில குழைச்சால் உள்ளுக்கிருக்கிற கம்பி கறள் பிடிச்சு ஊதி, கொன்கிறீற் வெடிக்கும். குடிக்கிற தண்ணி பவுசரில எடுத்தாலும் செலவு பெரிசில்லை.

தூணை நேர கொன்கிறீற்றுக்குள்ள புதைக்காதேங்கோ. மண்மட்டத்தில தண்ணி நிண்டு குழாய் அந்த இடத்தில சுத்தி அரிச்சு, ஒரு நாள் அடியோட முறியும். வெளியில பெயின்ற் பளபளவெண்டு இருக்கும், உள்ள ஒண்டும் இராது. 10 அங்குலச் சதுரம், 10 மில்லிமீற்றர் தடிப்பு அடித்தகடு, தகட்டுக்கு நாலு 16 மில்லிமீற்றர் போல்ற், கொன்கிறீற்றுக்குள்ள ஒண்டரை அடி இறங்கி அடி வளைஞ்சிருக்க வேணும். கட்டியின்ர தலையை நிலத்துக்கு மேல 4 அங்குலம் உயர்த்தி விளிம்பைச் சரிவா மழுக்குங்கோ. பிள்ளையள் ஓடுற இடம், கூரான மூலையும் நீட்டிக்கொண்டிருக்கிற போல்றும் ஆகாது, நட்டுக்கு மேல மூடி போடுங்கோ.

வெல்டிங் வைச்ச ஒவ்வொரு இடத்திலயும் நாகப் பூச்சு எரிஞ்சு போகும். தேய்ச்சுத் துப்பரவாக்கி சிங்க் பெயின்ற் ரெண்டு பூச்சு. கறள் எப்பவும் மூட்டிலதான் தொடங்கும். குழாய்த் தலைப்பு எல்லாம் தகடு வைச்சு அடைக்க வேணும். திறந்து விட்டால் மழைத்தண்ணி உள்ள நிண்டு உள்ளிருந்து அரிக்கும்.

தகரம் அடிக்கிற திருகாணிக்கு றப்பர் வளையம் உள்ளதா வாங்குங்கோ. ஓரத்து வரிசைகளில ஒவ்வொரு மேட்டிலயும் திருகாணி. காத்து ஓரத்திலதான் முதல் கிளப்பும். நடுவில ஒண்டு விட்டு ஒண்டு போதும்.

இனி நிழல் எங்க விழும் எண்டது. இஞ்ச சூரிய நண்பகல் 12.10 அளவில. கூரை சராசரி 11 அடி உயரம் எண்டால், பத்தரை இடைவேளைக்கு நிழல் கூரைக்கு நேர் கீழ விழாது, ஏறத்தாழ 5 அடி மேற்கால தள்ளி விழும். ஒன்றரைக்கு 4 அடி கிழக்கால. மார்கழி நண்பகலில 7 அடி வடக்கால, ஆனியில 3 அடி தெற்கால. சித்திரை நடுவிலயும் ஆவணிக் கடைசியிலயும்தான் சூரியன் உச்சிக்கு வரும். இதால நீளப் பக்கத்தைக் கிழக்கு மேற்கா வையுங்கோ, அப்ப 5 அடி தள்ளினாலும் கூரைக்குக் கீழ 25 அடி நிழல் நிக்கும். வாங்கில்களை மேற்குப் பக்கமாப் போடுங்கோ. வாங்கிலைக் கட்டிப்போட்டுப் பிறகு கூரை போட்டால் இடைவேளை நேரம் வாங்கில் வெயிலிலயும் நிழல் வெறும் மணலிலயும் கிடக்கும். கிழக்குக் கடைசித் தூண் ஓரத்தில தண்ணிக் குழாய் வைக்கலாம், அங்க நிண்டு குடிச்சிட்டுப் போறதுதானே.

600 சதுர அடிக்குள்ள, ஆளுக்கு 8 சதுர அடி எண்டால் 75 பிள்ளையள். 140 பேருக்கு ஒண்டு காணாது. இடைவேளையை ரெண்டாப் பிரிக்கிறதோ, ரெண்டாவது கூரை பிறகு போடுறதோ எண்டு இப்பவே வரைபடத்தில காட்டுங்கோ.

விலை எழுதேல்லை. இஞ்ச எழுதினால் அடுத்த மாசம் பொய்யாப் போகும். இந்த அளவுகளைக் குடுத்து மூண்டு இடத்தில கொட்டேசன் எடுங்கோ. மூண்டு பேருக்கும் ஒரே வரைபடம் குடுக்கிறது முக்கியம், இல்லாட்டி மலிவான கொட்டேசன் எப்பவும் மெல்லிய குழாய்தான்.

இலண்டன்கிளை:
இங்க பழைய மாணவர் சங்கக் கிளை பிரித்தானியாவில பதிவு செய்த அறக்கட்டளை எண்டால், வரி கட்டுற அங்கத்தவர் குடுக்கிற ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசாங்கத்திட்ட மீளப் பெறலாம். கன கிளையள் பதிவில்லாமல் இருக்கு. அப்படியெண்டால் அந்த வாய்ப்பு இல்லை. கேட்க முதல் அதை விசாரியுங்கோ.

கிளையளிட்ட வாற கடிதங்களில குறை என்னெண்டால், தொகை இருக்கும், படம் இராது. மைதானத்தின்ர நாலு பக்கத்திலயும் நிண்டு பத்தரை மணிக்கு எடுத்த படம், அளவோட ஒரு வரைபடம், மூண்டு கொட்டேசன், ஆர் பராமரிக்கிறது எண்ட ஒரு பந்தி. இது நாலும் இருந்தால் கூட்டத்தில பத்து நிமிசத்தில முடிவெடுப்பினம். காசை மூண்டாப் பிரிச்சுக் கேளுங்கோ: அத்திவாரம் முடிய, சட்டகம் நிக்க, கூரை முடிய. பத்து வீதத்தைப் பிடிச்சு வைச்சு ஒரு மாரி கழிய ஒப்பந்தக்காரருக்குக் குடுக்கச் சொல்லுங்கோ.

ஒரு கேள்வி: தகரத்தைவிட அந்த முக்கோணத் துணிப்பாய் வடிவா இருக்குமே? இஞ்ச பாடசாலையளில எல்லாம் அதுதான் கட்டியிருக்கினம்.

வளையும்சிலாகையும்:
வடிவா இருக்கும், மறுக்கேல்லை. ஆனால் அந்தப் பாய் இறுக்கி இழுத்தால்தான் நிக்கும். ஒவ்வொரு மூலையிலயும் நூற்றுக்கணக்கான கிலோ இழுவிசை பக்கவாட்டா வரும். தகரக் கூரையின்ர தூணை விடப் பாய்க்குத் தூண் தடிப்பா, கிடங்கு ஆழமா வேணும். தளர விட்டால் காத்தில படபடவெண்டு அடிச்சு தையல் பிரியும், மழையில நடுவில தண்ணி தேங்கித் தொங்கும். தேங்காமல் இருக்க எதிரெதிர் மூலை ரெண்டு உயரம், மற்ற ரெண்டும் தாழ்வு எண்டு முறுக்கிக் கட்ட வேணும்.

செய்யிறதெண்டால் தோட்டத்துப் பச்சை வலையை வாங்காதேங்கோ. அதில 50, 75 எண்டு போட்டிருக்கிறது வெளிச்சத்தை மறைக்கிற வீதம். 75 எண்டால் கால்வாசி உள்ள வருது. பிள்ளையளுக்குப் பின்னல் வலை, சதுர மீற்றருக்கு 300 கிராமுக்கு மேல, புற ஊதாத் தாங்குதிறன் எழுத்தில இருக்க வேணும். கடும் நிறம் நல்லம். தைக்கிற நூலைக் கேளுங்கோ. சாதாரண பொலியெஸ்ரர் நூல் துணிக்கு முதலே உக்கும். கொழுக்கி, இறுக்கி எல்லாம் 316 தரக் கறள்படா உருக்கு. கடைக்காரர் 304ஐக் காட்டி அதுவும் கறள்படாது எண்டுவார், கடற்காத்துக்கு அது மண்ணிறமா மாறும்.

ஒரு நன்மை சொல்ல வேணும். பாயைக் கழட்டலாம். வெயில் கொளுத்துறது மாசியிலயிருந்து புரட்டாதி வரைக்கும். ஐப்பசியில கழட்டித் தை முடியக் கட்டினால் புயல் காலத்துக்குத் துணி மேல இராது. ஆனால் ஏணி எங்க, ஆர் ஏறுறது, திறப்பு ஆரிட்ட எண்டு பெயரோட எழுதி வைக்காத பாடசாலைக்குப் பாய் வேண்டாம்.

வேப்பநிழல்:
எல்லாம் சரி, மரத்தை மறந்திட்டியள். கூரை அடுத்த வருசத்துக்கு, மரம் பத்து வருசத்துக்குப் பிறகு. ரெண்டையும் ஒண்டா வையுங்கோ. சூரியன்ர நேர்க்கதிரைத்தான் கூரை மறிக்கும். புற ஊதாவில கணிசமான பங்கு வானம் முழுக்கச் சிதறித்தான் வாறது, பக்கத்தால உள்ள வரும். மேற்கிலயும் கிழக்கிலயும் மரம் நிண்டால் அந்தப் பக்கத்தை அடைக்கும், மணலின்ர தெறிப்பும் குறையும்.

உங்கட மண்ணுக்குப் பூவரசுதான் முதல். உப்புக்காத்தைத் தாங்கும், நிக்கிற பூவரசிலயே கைமொத்தக் கதியால் ஆறடி வெட்டி நட்டால் சரி. புங்கையும் வரும். வேம்பு நல்ல மரம், ஆனால் மாசி பங்குனியில இலை கொட்டும், நிழல் தேவைப்படத் தொடங்கிற நேரம் அது. வாகை வேண்டாம், கொப்பு சட்டெண்டு முறியும். வடக்கில கார்த்திகை மரநடுகை மாதம், கன்று இலேசாக் கிடைக்கும். நடுறது பெரிசில்லை. தை தொடக்கம் புரட்டாதி வரைக்கும் தண்ணி ஊத்திறதும், ஆடு மாடு கடிக்காமல் கூடு கட்டுறதும்தான் வேலை. சித்திரை, ஆவணி விடுமுறையிலதான் கன்று சாகும். அதுக்கு ஆளை ஒழுங்கு செய்யுங்கோ. கூரைக் கிடங்கிலயிருந்து 15 அடியாவது தள்ளி நடுங்கோ.

மணல்வெளி:
எல்லாருக்கும் நன்றி. தகரம் எண்டே போகப்போறம். வலயத்துக்குக் கடிதம் திங்கள் போகுது. ரெண்டு சந்தேகம். தகரத்துக்கு என்ன நிறம்? மற்றது, மழைத்தண்ணி வழியிற இடத்தில மணல் அரிச்சுக் கிடங்கு வராதோ?

வளையும்சிலாகையும்:
மேல்பக்கம் வெள்ளை அல்லது இளஞ்சாம்பல், சூடு குறையும். கீழ்ப்பக்கம் கடும் நிறம் எண்டால் மணலில தெறிச்சு மேல போற வெளிச்சம் திரும்பிக் கண்ணுக்கு வராது.

அரிக்கும், கட்டாயம் அரிக்கும். தாழ்ந்த பக்கத்துத் தூணடியிலதான் தண்ணி விழும், கட்டியின்ர பக்கத்து மணல் போனால் கட்டி ஆடத் தொடங்கும். பீலி போட்டு ஒரு மூலைக்கு இறக்கித் தொட்டிக்கு விடுங்கோ. 600 சதுர அடிக் கூரையில ஒரு அங்குல மழைக்கு 1,400 லீற்றர் வரும், வேப்பநிழல் சொன்ன கன்றுகளுக்கு மாசி வரைக்கும் பாவிக்கலாம். பீலியைத் தாங்கிற கொழுக்கியை 2 அடிக்கு ஒண்டாப் போடச் சொல்லுங்கோ, நாலடிக்கு ஒண்டு எண்டால் முதல் மாரியிலயே தொங்கும். தொட்டிக்கு மூடியும் வலையும் மறக்கவேண்டாம். டெங்குப் பரிசோதனைக்கு வந்தால் முதல் பார்க்கிறது அதைத்தான்.